மலைத் தோட்டத்துக்கு எந்த பிக்கப்? ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது பதில்

"இசுசு வி-கிராஸ் எடுக்கலாமா, டொயோட்டா ஹைலக்ஸ் எடுக்கலாமா?" தோட்டம் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். காப்பிதான் முக்கியம், ஊடே மிளகு, மலைவாழை, கொஞ்சம் ஆரஞ்சு. இந்த வேலைக்கு ஒரு வண்டி தேடியபோது பார்த்தது, ஓட்டியது, கணக்குப் போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான பேச்சு குதிரைத் திறனையும் டச் ஸ்கிரீனையும் பற்றித்தான் இருக்கிறது, மூட்டையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

முதலில் கேட்க வேண்டியது எத்தனை கிலோ ஏற்றப் போகிறீர்கள் என்பது. அடுத்தது, உங்கள் பாதையில் ஆக மோசமான துண்டு எது, ஐப்பசி கார்த்திகையில் அது எப்படி இருக்கும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வண்டி தானாக முடிவாகிவிடும்.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், பணம் அங்கேதான் இருக்கிறது. வி-கிராஸைப் பார்த்தால் யானையைக் கட்டி இழுக்கும் போலத் தெரியும். 5.3 மீட்டர் நீளம், 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத் திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனால் அது வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதிவாகிற பிக்கப், ஐந்து பேர் உட்கார்ந்தது போகப் பின்னால் ஏற்ற அனுமதிப்பது இருநூற்றுச் சொச்சம் கிலோதான். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, ஆகவே ஐந்து மூட்டை போட்டால் கணக்கு முடிந்தது. 500 லிட்டர் தண்ணீர் டேங்க்கை நிரப்பி வைத்தால் அளவுக்கு மேலே போய்விட்டீர்கள். வண்டி இழுக்குமா என்றால் இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது காகிதத்தைத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் விற்பனையாளரிடம் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: வெறும் வண்டியின் எடை, மொத்த எடை. ஆர்சியில் இந்த இரண்டும் ஏறும். கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் எடை, அதில் ஓட்டுபவர், கூட வருபவர்கள் எல்லோரும் அடக்கம். நான்கு பேர் ஏறினாலே 280, 300 கிலோ போய்விடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது எதை ஏற்றுகிறீர்கள் என்பது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பழமாகவே விற்கிறீர்களா, தோட்டத்திலேயே பல்ப்பர் வைத்துத் தோலெடுத்து, கழுவிக் காயவைத்துக் கொட்டையாகக் கீழே இறக்குகிறீர்களா? சுத்தமான காப்பிக்கொட்டை ஒரு கிலோ வர, பழம் ஐந்து முதல் ஆறு கிலோ வேண்டும். பழமாக இறக்குகிறவருக்கு அறுவடை நாளில் ஒரு டன் எடை என்பது சாதாரணம். அதே தோட்டத்தில் களமும் பல்ப்பரும் இருந்தால் அந்த ஒரு டன் இருநூற்றுச் சொச்சம் கிலோவாகச் சுருங்கி, அதுவும் அவசரமில்லாமல், காய்ந்த பிறகு வெயில் நாளில் இறங்கும். முன்னவருக்கு வி-கிராஸ் பயன்படாது, பின்னவருக்கு அது நன்றாகவே போதும். பல்ப்பர் இருக்கிறதா இல்லையா என்பது எந்த வண்டி என்பதைத் தீர்மானிக்கிறது என்றால் நகரத்து நண்பர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை அதுதான். வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் எல்லாம் கேள்வியே இல்லாமல் ஒரு டன் கட்சி. தார் எடையும் அதிகம், இடமும் அடைக்கும், அடுக்கி நசுக்கவும் முடியாது.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் கேபின் வண்டிகளின் பின்பாடி படத்தில் தெரிகிற அளவுக்கு நீளம் கிடையாது. வி-கிராஸில் ஒன்றரை மீட்டர் கூட முழுசாக வராது, நடுவில் வீல் ஆர்ச் வேறு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இருபதடி பிவிசி குழாயைப் போட்டால் பாதிக்கு மேல் வெளியே தொங்கும். இன்னொன்று, அந்தப் பாடியில் கணிசமான பகுதி பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிறது. கனமான சரக்கைக் கதவோரமாக வைத்துவிட்டு மேட்டுப் பள்ளத்தில் ஓட்டினால் சேஸிஸுக்கு நல்லதில்லை, முன்சக்கரத்தில் பிடிப்பும் குறையும். எடையைக் கேபினை ஒட்டி முன்னால் தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். ஏற்றுகிற ஆட்கள் இறக்கச் சுலபம் என்று எப்போதும் கதவோரத்தில்தான் வைப்பார்கள், பக்கத்தில் நின்று சொன்னால்தான் நடக்கும்.

சரி, பாதைக்கு வருவோம்.

ஆஃப் ரோடு என்றால் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. எங்களுக்கு அது களத்துக்குப் போகிற வழி. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாக ஏறும் மலைச்சாலை தார் ரோடுதான், கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர அதில் சிரமமில்லை. அங்கிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகிற கூப்பு ரோடுதான் பிரச்சினை. செம்மண், நடுவில் பாறை, இரண்டு பக்கமும் சக்கரத் தடம் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கும், ஒரு ஓடை குறுக்கே போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற இடங்கள் மாதிரி இங்கே ஆடியில் பெருமழை கிடையாது, கீழ்ப்பழனிக்கு மழை முக்கியமாக வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது ஐப்பசி, கார்த்திகை. அரபிகா பழம் பழுத்துப் பறிப்பு தொடங்குவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். ஆக, வண்டி அதிகமாகத் தேவைப்படுகிற மாதமும் பாதை ஆக மோசமாக இருக்கிற மாதமும் ஒன்று. கோடையில் வந்து சோதனை ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு டூ வீல் டிரைவே போதும் என்று முடிவு செய்கிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இந்தப் பாதைக்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், அதிலும் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற தனி கியர், கட்டாயம் வேண்டும். லோ ரேஞ்ச் என்பது ஏறுவதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், இறங்குவதற்குத்தான் அது அதைவிட முக்கியம். சரக்கோடு சரிவில் இறங்கும்போது லோவில் முதல் கியரோ இரண்டாவதோ போட்டுக் காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நடக்கிற வேகத்தில் இறங்கும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் செம்மண் சேற்றில் சக்கரம் பூட்டி வண்டி தன் இஷ்டத்துக்கு வழுக்கும், நீளமான இறக்கமாக இருந்தால் பின்பக்க டிரம் சூடாகிப் பிடிப்பும் போகும்.

ஏற்றத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. மஹிந்திரா பொலேரோ கேம்பரின் 2.5 லிட்டர் எஞ்சின் 75 குதிரைத் திறன், 200 நியூட்டன் மீட்டர்தான். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரைத் திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் லோ ரேஞ்சில் போட்டதும் சக்கரத்துக்குப் போகிற இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும், கூப்பு ரோட்டில் யாரும் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போவதும் இல்லை. அந்த வேகத்தில் 75 குதிரை போதும். திண்டுக்கல் போகிற நெடுஞ்சாலையில்தான் அந்த வித்தியாசம் தெரியும், நன்றாகவே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் இருப்பது எல்லாம் பார்ட் டைம் ஃபோர் வீல். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃப்ரென்ஷியல் கிடையாது, ஃபோர் வீலில் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அப்படியே போட்டு வளைவில் திருப்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் உள்ளே முறுக்கு ஏறி, கியரோ ஷாஃப்டோ அடிவாங்கும். மண், சேறு, சரளையில் மட்டும் போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள். புதிதாக வண்டி ஓட்ட வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

டிஃப்ரென்ஷியல் லாக் பற்றிக் கேட்பார்கள். பள்ளம் மாறி மாறி வருகிற பாதையில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சாதாரண டிஃப்ரென்ஷியல் அந்தச் சக்கரத்தைத்தான் சுற்றவிடும், தரையில் இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும். லாக் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். ஹைலக்ஸில் பின்பக்க லாக் ஸ்விட்சாகவே வருகிறது, பாதையில் அதுதான் அதன் பெரிய பலம். தண்ணீரிலும் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்கிறது கம்பெனி. லாக் இல்லாத வண்டிக்கு மலைக்காரர்களின் பழைய வழி பின்சக்கரத்தில் சங்கிலி. மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப்களில் பார்த்திருப்பீர்கள், சேற்றில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. மாட்டக் கொஞ்ச நேரம் ஆகும், உடை அழுக்காகும், அவ்வளவுதான்.

நீளம் இன்னொரு தலைவலி. வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டருக்கு மேல், மஹிந்திராவின் மூன்று கதவு 'தார்' (Thar) ஜீப்பில் 2.45 மீட்டர்தான். தார் ரோட்டில் சமாளிக்கலாம். ஜீப்புக்காக வெட்டிய தோட்டப் பாதையின் கொண்டை ஊசியில் ஒரே வெட்டில் திரும்பாது, முன்னே பின்னே எடுத்துத்தான் திருப்ப வேண்டும், ஒரு பக்கம் சரிவு இருக்கும்போது அது பயமான வேலை. மேட்டு முனையில் ஏறி இறங்கும்போது வயிறு தட்டும். பாதையை அகலப்படுத்திவிடலாம் என்றால் பக்கத்தில் காப்புக்காடு இருக்கிற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. அதனால் பெரிய பிக்கப் வாங்க நினைப்பவர்கள், தெரிந்தவர் யாரிடமாவது அந்த வண்டி இருந்தால் ஒரு நாள் வரச் சொல்லிப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

டயர். பெரிய அலாய் சக்கரம் அழகாகத்தான் இருக்கும். வி-கிராஸில் வருகிற 255/60 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 153 மில்லிமீட்டர். ஜீப்களுக்குப் போடுகிற 235/75 ஆர்15 டயரில் அது 176. கல் இடிக்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர்தான். முதல் செட் தேய்ந்ததும் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) டயருக்கு மாறிவிடுங்கள். முழுக்க சேற்று டயர் போட்டால் தார் ரோட்டில் சத்தமும் தேய்மானமும் கூட, வாரத்தில் பாதி நாள் தாரிலும் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க ஆட்டோமேட்டிக் சுகம், கிளட்ச் கருகாது. ஆனால் தோட்டத்து வண்டியைப் பல கைகள் ஓட்டும், எல்லோருக்கும் பழகியது மேனுவல்.

பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. அதில் சேர்கிற கரி எரிந்து போக வண்டி சூடாகி, ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். களத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே உருட்டிக்கொண்டே இருந்தால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒரு தடவை ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ திண்டுக்கல்லுக்கோ ஒரு நல்ல ஓட்டம் கொடுத்துவிட்டால் போதும். விளக்கு எரிந்த பிறகும் அலட்சியமாக ஓட்டினால் செலவு பெரியது.

இப்போது காகித விஷயம். சரக்கு வண்டி என்றால் மஞ்சள் போர்டு, எஃப்சி (தகுதிச் சான்று), தனி வரி, 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. எஃப்சி முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு பெர்மிட் தேவையில்லை, இது பலருக்குத் தெரிவதில்லை. மஞ்சள் போர்டு ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டுமே என்கிற கவலையும் இனி வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை கார் ஓட்டுகிற சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. வெள்ளை போர்டில் எஃப்சி தொல்லை பதினைந்து வருடத்துக்கு இல்லை, ஆனால் விலைக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், தமிழ்நாட்டில் 2023 இறுதியிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 20 சதவீதம். வி-கிராஸ் ஃபோர் வீல், ஹைலக்ஸ் இரண்டுமே அந்த வரம்பைத் தாண்டுகிறவை. ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் உதைக்கும்.

ஆட்களை ஏற்றுவது பற்றி. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பறிப்பு நாளில் பெண்களைப் பின்பாடியில் நிற்கவைத்து மலை ஏற்றுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. சட்டப்படி தவறு, கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சந்தேகம், அதெல்லாம் இரண்டாவது. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நிற்பவர்களுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. இரட்டைக் கேபினில் ஓட்டுபவரோடு சேர்த்து ஐந்து பேர். ஆறாவது ஆளுக்கு அடுத்த நடை. அடிக்கடி ஆட்களை ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கென்று ஒரு பழைய ஜீப் வைத்துக்கொள்ளுங்கள், பிக்கப்பில் அந்த வேலையைத் திணிக்காதீர்கள்.

நான் எடுத்தது பொலேரோ கேம்பர், ஃபோர் வீல். ஒரு டன் தாங்கும், இரட்டைக் கேபின், லோ ரேஞ்ச் உண்டு, விலை பெரிய வண்டிகளில் பாதிகூட இல்லை. வத்தலக்குண்டில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், உதிரிப்பாகம் அன்றைக்கே கிடைக்கும். மழைநாளில் பழம் களத்தில் குவிந்து கிடக்கும்போது வண்டி மதுரையில் உதிரிக்காகக் காத்திருந்தால் பழம் புளித்துவிடும், அதனால் இது எனக்குப் பெரிய விஷயம். குறைகளும் உண்டு. காலியாக ஓட்டினால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இறுக்கத்தில் எலும்பெல்லாம் குலுங்கும். பாதுகாப்பு அம்சங்களில் பெரிய வண்டிகளுக்குப் பக்கத்தில் வராது, ஹைலக்ஸில் ஏழு ஏர்பேக், வி-கிராஸின் மேல் வகையில் ஆறு. குடும்பத்தோடு சென்னை வரைக்கும் ஓட்டுகிற வண்டியும் இதுவேதான் என்றால் நானே வேண்டாம் என்பேன். டாடா யோதாவையும் பார்த்தேன். அதிலும் ஃபோர் வீல் வகை இருக்கிறது, 2022-ல் வந்த யோதா 2.0 இரண்டு டன் வரை தாங்கும் என்பது பெரிய விஷயம், சமவெளியில் அதிக எடை ஏற்றுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பல்ப்பரும் களமும் வைத்திருக்கிற, வாரக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்து போகிற என் மாமா ஒருவருக்கு வி-கிராஸ் மேனுவல் ஃபோர் வீல்தான் எடுக்கச் சொன்னேன். அவருக்கு நெடுஞ்சாலை பாதி, தோட்டம் பாதி, எடை குறைவு. ஹைலக்ஸ் அருமையான வண்டி, ஃபார்ச்சூனரில் இருக்கிற அதே 2.8 எஞ்சின், பத்து பதினைந்து வருடம் கவலையில்லாமல் ஓடும். அந்தப் பணம் கையில் இருந்து, பாதை உண்மையிலேயே கொடூரமாகவும் இருந்தால் எடுங்கள். தோட்ட வருமானத்திலிருந்து தவணை கட்ட வேண்டிய நிலை என்றால் யோசிக்க வேண்டும், காப்பி விலை எல்லா வருடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு: 2016-ல் வந்த 2.5 லிட்டர் வி-கிராஸ், டாடா ஜீனான் ஃபோர் வீல், ஸ்கார்பியோ கெட்அவே ஃபோர் வீல் இவை சந்தையில் வரும். கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படுத்துப் பாருங்கள். பட்டையில் கூடுதல் தகடு சேர்த்திருந்தால் அந்த வண்டி அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபோர் லோவில் போட்டு, மண் தரையில், இரண்டு பக்கமும் முழுசாக வளைத்து மெதுவாக ஓட்டி, முன்பக்கத்திலிருந்து டக் டக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பவர் "ஃபோர் வீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே, நாங்க போட்டதே இல்ல" என்றால் கட்டாயம் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் பயன்படுத்தாத லோ கியர் பல வண்டிகளில் விழுவதே இல்லை.